சேர்ந்த வேலையை விட வேண்டுமா? நோட்டீஸ் பீரியடின் சரியான கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். சிலர் சென்னையில் ஐ.டி. வேலையில் சேர்கிறார்கள். சேர்ந்த இரண்டு மூன்று வாரத்திலேயே சிலருக்கு அந்த வேலை சரிப்படாது என்று தெரிந்துவிடுகிறது. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. அல்லது நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அல்லது எப்போதோ எழுதிய தேர்வின் முடிவு வந்து, இதைவிட நல்ல வேலை கிடைத்துவிட்டது. விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டால், "கையெழுத்து போட்டுட்டியேப்பா, கேஸ் போட்டா என்ன பண்றது?" என்கிறார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய கூலி நெசவாளர், அதை அடைக்கும்வரை வேறொருவரின் தறிக்குப் போக முடியாது என்பது இந்த ஊர் நன்றாக அறிந்த கட்டுப்பாடு. கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளையே தறியில் உட்கார வைத்த காலமும் இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் சட்டமே முதலாளி பக்கம் நின்றது. வேலைக்கு முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளியோ வேலையை விட்டால், மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி வேலையை முடிக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம்வரை கடுங்காவல் என்றது 1859-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம். 1925-இல் அதை ரத்து செய்தார்கள். பிறகு 1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதைக் குற்றமாக்கியதோடு, அப்படிக் கட்டிவைத்த கடனையும் செல்லாததாக்கியது.

விடப் போவதாகச் சொன்ன பிறகும் வேலையில் இருக்க வேண்டிய நாட்கள்தான் நோட்டீஸ் பீரியட். அதைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேலையை விடுவது குற்றமல்ல. ஒருவர் தன் உழைப்பைக் கொடுத்தே தீர வேண்டும் என்று இந்திய நீதிமன்றம் உத்தரவிடாது. 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் நிலை அதுதான். ஒப்பந்தத்தை மீறினால் கம்பெனி கேட்கக்கூடியது நஷ்டஈடு மட்டுமே. பணத்தில் தீரும் கணக்கு இது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வருவதுதான் வழி.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

ராஜினாமா எழுதுவதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்கள். நோட்டீஸ் பற்றி அதில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கும்: புரொபேஷன் காலத்துக்கு ஒன்று, வேலை நிரந்தரமான பிறகு ஒன்று. புரொபேஷனில் பெரும்பாலும் குறைந்த நாள்தான். ஏழு நாளாகவும் இருக்கலாம், முப்பது நாளாகவும் இருக்கலாம். எச்.ஆர். வாயால் "தொண்ணூறு நாள்" என்று சொன்னால், அது எந்த வரியில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். கடிதத்தில் இருப்பதுதான் கணக்கு. சேர்ந்தபோது கொடுக்கும் கையேட்டில் வேறு நிபந்தனைகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

கடிதமே தரவில்லையா? எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். எழுத்தில் இல்லாத நிபந்தனையைப் பிறகு நிரூபிப்பது கம்பெனிக்குக் கஷ்டம்.

தொழிற்சாலைப் பக்கம் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கேட்டில் இருக்கும் பெயர்ப் பலகை ஒன்று, உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் வேறாக இருக்கலாம். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்திருந்தால் ராஜினாமா போக வேண்டியது கான்ட்ராக்டருக்கு. அப்ரென்டிஸாகப் பதிவாகியிருந்தால் 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டம் பொருந்தும். நடுவில் விட்டால் பயிற்சிச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்க அதில் இடமுண்டு.

பணக் கணக்கு

ஒரு உதாரணம் போடுவோம். மாதச் சம்பளம் ரூ.24,000. நோட்டீஸ் 30 நாள். நீங்கள் 10 நாள் மட்டும் இருந்துவிட்டுப் போகிறீர்கள். பாக்கி 20 நாளுக்கு ஈடான சம்பளத்தைக் கடிதப்படி நீங்கள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 24,000-ஐ 30-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்க, ரூ.16,000. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் என்று இருந்து, அது ரூ.12,000 என்றால் ரூ.8,000 தான். ஒரே ஒரு சொல்லில் பாதிப் பணம் மிச்சம். அதனால் அந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

இனி எதிர்ப்பக்கம். அந்த மாதம் 22 நாள் வேலை செய்திருந்தால் உங்களுக்கு வர வேண்டியது ரூ.17,600. ரூ.16,000 முழுவதையும் பிடித்தாலும், ரூ.1,600 கைக்கு வர வேண்டும். பி.எஃப். போன்ற மற்றப் பிடித்தங்கள் தனி. "பாதியில் விட்டுட்டே, சம்பளமே கிடையாது" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உழைத்த நாளுக்குக் கூலி உங்களுடையது. ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு.

நோட்டீஸ் பணத்தின் மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தால்

"பாண்ட் எல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விஜயா வங்கியில் மூன்றாண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு 2007-இல் பொறுப்பேற்ற ஓர் அதிகாரி, 2009-இல் வேறு வங்கிக்குப் போகப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், அந்த நிபந்தனை செல்லும் என்றது. ஆள் எடுக்க ஒரு பொதுத்துறை வங்கிக்கு ஆகும் செலவையும், விளம்பரம் தந்து போட்டி வைத்துத்தான் எடுக்க முடியும் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதற்காகக் காகிதத்தில் போட்ட தொகை முழுவதும் வசூலாகும் என்றும் இல்லை. ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இரண்டு நாள் பவர்பாயின்ட் வகுப்பை வைத்துக்கொண்டு இரண்டு லட்சம் பயிற்சிச் செலவு என்று நிரூபிப்பது எளிதல்ல. "போட்டிக் கம்பெனியில் ஒரு வருடம் சேரக் கூடாது" என்ற நிபந்தனையும் வேலையை விட்ட பிறகு அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. கம்பெனியின் ரகசியங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் எப்போதும் செல்லும்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுவது இன்னும் நடக்கிறது. மார்க் ஷீட் அடகுப் பொருள் அல்ல. கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள், சரிபார்த்து உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

சொல்லிக்கொண்டு போங்கள்

உரிமையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, கடமையையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஒரு பாவில் மூன்று நான்கு சேலைக்கான இழை இருக்கும். மனம் மாறிய நெசவாளரும் ஏற்றிய பாவை நெய்து முடித்துவிட்டே வேறு தறிக்குப் போவார். பாதியில் விட்ட பாவை இன்னொருவர் கை தொடர்ந்தால் அடி சீராக விழாது என்பது அவருக்குத் தெரியும். நோட்டீஸ் பீரியடின் நியாயமும் அதுதான். உங்கள் வேலையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கக் கொடுக்கும் அவகாசம் அது.

அதனால் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகாதீர்கள். கம்பெனி "அப்ஸ்காண்டிங்" என்று எழுதிவிட்டால் ரிலீவிங் லெட்டர் வராது, செட்டில்மென்ட் இழுபறியாகும், கூட வேலை செய்தவர்கள் தலையில் உங்கள் வேலை விழும். நேரில் மேலாளரிடம் சொல்லுங்கள். அதே நாள் இமெயிலும் அனுப்புங்கள். நாலு வரி போதும்: "சொந்தக் காரணங்களால் ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதப்படி என் நோட்டீஸ் காலம் இத்தனை நாள். இந்தத் தேதியில் விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மீதி நாளுக்கான தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம்." குறை சொல்லும் வரி ஒன்றும் வேண்டாம். அதன் நகல் உங்கள் சொந்த இமெயிலிலும் இருக்கட்டும்.

பலர் கேட்கத் தயங்குவது ஒன்று உண்டு: நாளைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது. சேர்ந்து மூன்று வாரமே ஆனவரை மூன்று மாதம் வைத்திருப்பதில் கம்பெனிக்கும் லாபமில்லை. கேட்டால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். புதிய கம்பெனி அவசரப்படுத்தினால், நோட்டீஸ் தொகையை அவர்களே ஏற்பார்களா என்றும் கேளுங்கள். லேப்டாப், ஐ.டி. கார்டு, யூனிஃபார்ம் எல்லாம் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று வார வேலையை அடுத்த கம்பெனியிடம் மறைக்கவும் வேண்டாம். பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி பதிவாகியிருக்கும். விலகிய தேதியைப் பழைய கம்பெனி ஏற்றாவிட்டால், இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் பி.எஃப். இணையதளத்தில் நீங்களே ஏற்றலாம்.

மிரட்டினால்

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். அது நீதிமன்ற உத்தரவு அல்ல. ஆனாலும் பதில் தர வேண்டிய கடிதம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. சம்பளம் நின்றுபோனால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, இமெயில், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்த வேலைக்கான கடிதம் வரும்போது, கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைத் தேடுங்கள்: புரொபேஷனில் நோட்டீஸ் எத்தனை நாள், பிடித்தம் அடிப்படைச் சம்பளத்திலா மொத்தத்திலா, பாண்ட் உண்டா. வீட்டுப் பெரியவர்களும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். நிபந்தனை அதிகமாகப் பட்டால் குறைக்கச் சொல்லிக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது; கையெழுத்து விழும்வரை இரு பக்கமும் சமம்.