லோன் செட்டில்மென்ட்டுக்குப் பிறகு சிபில் ஸ்கோரை மீட்பது எப்படி? எஃப்டி கிரெடிட் கார்டு: முழு விளக்கம்



நம்ம ஊர்ல ஒருத்தர் கடன்ல மூழ்கிட்டார்னா "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்", "ஐபி போட்டுட்டார்"னு பேசுவாங்க. அது 1909, 1920ஆம் வருஷத்து திவால் சட்டங்கள் காலத்துல இருந்து வர்ற பேச்சு. 2016ல வந்த புதிய திவால் சட்டத்துலயும் தனிநபர்களுக்குன்னு ஒரு பகுதி இருக்கு. ஆனா கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவங்களுக்கு மட்டும்தான் அது நடைமுறைக்கு வந்திருக்கு. நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு இல்ல.

அதனால இன்னைக்கு ஒரு 26 வயசுப் பையன் வேலை போய், கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியாம நின்னா, அவர் கோர்ட் படி ஏறுறதில்ல. பேங்க்ல இருந்து ஒரு போன் வரும். "மொத்தம் 1,20,000 நிக்குது. 50,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்." அவரும் அப்பாடான்னு கட்டிடுவார். இதுக்குப் பேர்தான் செட்டில்மென்ட். நம்ம நாட்டுல சம்பளக்காரங்களோட "திவால்" பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாம நடக்குது.

அந்த நிம்மதி எவ்வளவு நாள்? அடுத்த தடவை பைக் லோனுக்கோ வீட்டு லோனுக்கோ போய் நிக்கும்போதுதான் தெரியும். இந்தக் கட்டுரையில, அந்த இடத்துல இருந்து எப்படி மறுபடி எழுந்து வர்றதுன்னு படிப்படியா பார்க்கலாம்.

செட்டில்மென்ட் ஏன் இவ்வளவு பாதிக்குது?

மேல சொன்ன உதாரணத்துல அவர் கட்டினது 50,000. பேங்க் விட்டுக்கொடுத்தது 70,000. பேங்க் பார்வையில அது நஷ்டம். அதனால ரிப்போர்ட்ல அந்தக் கணக்கு "க்ளோஸ்டு"ன்னு வராது, "செட்டில்டு"ன்னு வரும். அடுத்து கடன் கொடுக்க வர்ற எவருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்: "இவர் முழுசா கட்டல."

அதோட, செட்டில்மென்ட்டுக்கு முன்னாடி கட்டாம விட்ட மாசங்களும் பதிவாகியிருக்கும். இத்தனை நாள் பாக்கின்னு மாசாமாசம் காட்டுற அந்தக் கட்டத்துக்கு டிபிடின்னு பேர். சிபில் ரிப்போர்ட்ல ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாசம் வரைக்கும் இது தெரியும். 90 நாள் தாண்டினா அது வாராக்கடன் கணக்கு.

2023 ஜூன்ல ஆர்பிஐ ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு பேங்க்கோ நிதி நிறுவனமோ உங்களோட செட்டில்மென்ட் பண்ணினா, விவசாயக் கடன் தவிர மத்த கடன்கள்ல, குறைஞ்சது 12 மாசத்துக்கு அவங்க உங்களுக்குப் புதுக் கடன் கொடுக்கக் கூடாது. அதனால செட்டில் பண்ணின அதே பேங்க்ல உடனே போய்க் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

கடன் வாங்குறதோட இது நிக்கிறதும் இல்ல. பாரத ஸ்டேட் வங்கியில வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட நியமனம், அவரோட மோசமான சிபில் வரலாற்றால ரத்தாச்சு. அந்த ரத்து சரிதான்னு 2025ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பேங்க் வேலைக்குப் படிக்கிறவங்க இதைக் கண்டிப்பா ஞாபகத்துல வைங்க.

முதல் வேலை: ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க

எந்தக் கார்டுக்கும் அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. நம்ம நாட்டுல நாலு கிரெடிட் பியூரோ இருக்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஆர்பிஐ விதிப்படி ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். அவங்கவங்க வெப்சைட்லயே எடுக்கலாம். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ரிப்போர்ட்ல மூணு விஷயம் பாருங்க:

1. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத லோன் ஏதாவது உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கா?
2. முழுசா கட்டி முடிச்ச கணக்கு இன்னும் பாக்கின்னு காட்டுதா?
3. செட்டில் பண்ணின கணக்குல நிலுவைத் தொகை இன்னும் நிக்குதா?

தப்பு இருந்தா பியூரோ வெப்சைட்லயே புகார் பண்ணலாம். 30 நாளுக்குள்ள சரி பண்ணணும். அதுக்கு மேல ஆனா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தரணும். இந்த விதி 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். வேற ஏதாவது லோன் இப்பவும் பாக்கியில ஓடிட்டு இருந்தா, கையில இருக்கிற காசை அதுல போடுங்க. ஒரு பக்கம் ஓட்டைக் குடத்தை வச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் தண்ணி ஊத்துறதுல அர்த்தம் இல்ல.

எஃப்டி கார்டுன்னா என்ன?

பேங்க்ல ஒரு ஃபிக்சட் டெபாசிட் போடுறீங்க. அந்த டெபாசிட்டை ஈடா வச்சு, அதுல ஒரு பங்கை லிமிட்டா வச்சு கிரெடிட் கார்டு தர்றாங்க. லிமிட் பெரும்பாலும் டெபாசிட்ல 75 முதல் 100 சதவீதம் வரை இருக்கும். நீங்க கட்டலைன்னா பேங்க் டெபாசிட்ல இருந்து எடுத்துக்கும். அவங்களுக்கு ரிஸ்க் கம்மி, அதனால ஸ்கோர் மோசமா இருந்தாலும் கார்டு கிடைக்க வாய்ப்பு அதிகம். எஸ்பிஐ கார்டு உன்னதி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ், ஆக்சிஸ் இன்ஸ்டா ஈஸி, கோடக் 811 ட்ரீம் டிஃபரன்ட் எல்லாம் இந்த வகைதான்.

கடையில தேய்க்கும்போது இது சாதாரண கிரெடிட் கார்டு மாதிரியே வேலை செய்யும். பியூரோவுக்கும் கிரெடிட் கார்டாவே போகும். நமக்கு வேண்டியது அதுதான். டெபிட் கார்டுல எவ்வளவு செலவு பண்ணினாலும் ஸ்கோர் அசையாது, ஏன்னா அது கடன் இல்ல.

அமெரிக்காவுல திவால் ஆனவங்களும் இதே வழியிலதான் மீண்டு வர்றாங்க. அங்க "சாப்டர் 7" திவால் பதிவு ரிப்போர்ட்ல 10 வருஷம் வரைக்கும் நிக்கும். அந்தப் பதிவு இருக்கும்போதே, டெபாசிட் கட்டி செக்யூர்டு கார்டு வாங்கி, மாசாமாசம் ஒழுங்கா கட்டி நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிப்பாங்க. நம்ம ஊர்ல ஒரு வசதி கூடுதலா இருக்கு. இங்க அது எஃப்டி, அதனால வட்டி ஓடிட்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

25,000 ரூபாய் எஃப்டி போடுறீங்க, வட்டி 6.5 சதவீதம்னு வைப்போம். வருஷத்துக்கு சுமார் 1,625 ரூபாய் வட்டி. கார்டுக்கு வருஷக் கட்டணம் 500ன்னா, 18 சதவீதம் ஜிஎஸ்டியோட 590. மிச்சம் 1,035. கட்டணமே இல்லாத கார்டா பார்த்து எடுத்தா முழு 1,625ம் உங்களுக்கே. எஃப்டி வட்டி வருமானத்துல சேரும், வரிக் கணக்குல காட்டணும், அதை மறந்துடாதீங்க.

லிமிட் 90 சதவீதம்னா 22,500. அதுல 30 சதவீதத்துக்குள்ள செலவை வைக்கிறது நல்லதுன்னு பொதுவா சொல்வாங்க. அதாவது மாசம் 6,750க்குள்ள. பெட்ரோல், மொபைல் ரீசார்ஜ், கரண்ட் பில், மளிகை. எப்படியும் செய்யப் போற செலவுதான். ஸ்கோர் ஏறணும்னு புதுசா ஒரு செலவைக் கண்டுபிடிக்காதீங்க.

கார்டு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பாக்கி இருக்கிற பேங்க்ல எஃப்டி போடாதீங்க. பழைய பாக்கிக்கு உங்க டெபாசிட்டை ஈடுகட்டிக்கிற உரிமை பேங்க்குக்கு உண்டு. கார்டு எடுக்கப் போய் டெபாசிட்டே போயிடும்.

எமர்ஜென்சி பணத்தை இதுல பூட்டாதீங்க. கார்டை மூடுற வரைக்கும் இந்த எஃப்டியை உடைக்க முடியாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா உடனே எடுக்கிற மாதிரி ஒரு தொகை தனியா இருக்கட்டும்.

எஃப்டி ஆட்டோ ரினியூவல்ல இருக்கான்னு கேளுங்க. எஃப்டி முதிர்ந்து போனா கார்டும் அதோட முடிஞ்சு போக வாய்ப்பு இருக்கு. வரலாறு நீளமா இருக்கிறதுதான் நமக்கு நல்லது.

ஒரே வாரத்துல நாலு இடத்துல அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்ல என்கொயரியா ஏறும். "இவருக்கு ஏதோ பண நெருக்கடி"ன்னு அது காட்டிக் கொடுக்கும். ஒண்ணு போதும்.

மாசாமாசம் என்ன செய்யணும்?

முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. "மினிமம் டியூ" இல்ல, "டோட்டல் டியூ". இந்த ஒரு செட்டிங்தான் இந்தக் கட்டுரையோட சாரம்.

மினிமம் மட்டும் கட்டினா லேட் ஃபீ வராது, டிபிடி ஏறாது. ஆனா மீதிக்கு மாசம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி ஓடும். அதாவது வருஷத்துக்கு 36 முதல் 45 சதவீதம். புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும். எஃப்டில 6.5 சதவீதம் வாங்கிக்கிட்டு கார்டுல 42 சதவீதம் கட்டுறது எந்த ஊர் நியாயம்?

டியூ டேட் தவறினா, 3 நாளுக்கு மேல போனாத்தான் லேட் ஃபீ போடவும், பாக்கின்னு பியூரோவுக்குச் சொல்லவும் முடியும்னு ஆர்பிஐ விதி இருக்கு. அதை ஆபத்துக்கு உதவுற குடையா வைங்க, வழக்கமாக்கிடாதீங்க.

ஏடிஎம்ல இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த நாள்ல இருந்தே வட்டி, அதுக்கு மேல கட்டணம்.

"நம்ம எஃப்டிதானே, கட்டலைன்னா அதுல எடுத்துக்கட்டும்"னு சிலர் நினைக்கிறாங்க. இது பெரிய தப்பு. பேங்க் டெபாசிட்டை எடுத்துக்கிட்டாலும், நீங்க கட்டாம விட்டது பியூரோவுக்குப் போகும். எஃப்டியும் போச்சு, ஸ்கோரும் போச்சு.

எவ்வளவு நாள் ஆகும்?

"15 நாள்ல 100 பாயின்ட் ஏத்தித் தர்றோம், 5,000 கொடுங்க"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. சரியான தகவலை ரிப்போர்ட்ல இருந்து அழிக்க எந்த ஏஜென்ட்டாலும் முடியாது. தப்பான தகவலைத் திருத்த நீங்களே இலவசமா புகார் பண்ணலாம். நடுவுல அவர் எதுக்கு?

2025 ஜனவரியில, பேங்க்குகள் 15 நாளுக்கு ஒரு தடவை பியூரோவுக்கு விவரம் அனுப்பணும்னு விதி வந்தது. அதனால நீங்க கட்டுறது முன்னைவிட வேகமா ரிப்போர்ட்ல தெரியும். ஆனா நம்பிக்கை வேகமா வளராது. எத்தனை பாயின்ட் ஏறும்னு யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் ஆறு மாசம் ஸ்கோரையே பார்க்காம ஒழுங்கா கட்டிட்டு வாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்தா வரிசையா 12 நல்ல மாசம் நிக்கும். பழைய கறை உடனே மறையாது, ஆனா பக்கத்துல புது வரலாறு வளர்ந்துட்டே வரும்.

"செட்டில்டு"ஐ "க்ளோஸ்டு" ஆக்க முடியுமா?

முடியும், காசு கட்டினா. கையில பணம் சேர்ந்ததும் பழைய பேங்க்குக்கு எழுத்துமூலமா கேளுங்க: "விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டுறேன், கணக்கை க்ளோஸ்டுன்னு மாத்தித் தருவீங்களா?" அவங்க சம்மதம் கடிதமாவோ மெயிலாவோ வந்த பிறகுதான் பணம் கட்டணும். கட்டினதும் நோ டியூஸ் சர்டிஃபிகேட் வாங்குங்க. ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட்ல மாறியிருக்கான்னு பாருங்க. மாறலைன்னா அந்த சர்டிஃபிகேட்டை வச்சுப் புகார் பண்ணுங்க. போன்ல பேசுறதை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீங்க.

மூணு நாலு வருஷத்துல வீட்டு லோன் வாங்குற எண்ணம் இருந்தா இதை யோசிங்க. கிட்டத்துல பெரிய லோன் தேவை இல்லைன்னா, முதல்ல எமர்ஜென்சி பணத்தைச் சேருங்க.

கார்டே வேண்டாம்னு தோணுதா?

அதுவும் நியாயம்தான். கார்டுல கை நீளுறதுதான் உங்க பிரச்சனைன்னா வேற வழி இருக்கு. பேங்க்ல சின்னதா ஒரு நகைக் கடன் வாங்கி ஒழுங்கா கட்டி முடிச்சாலும் அது பியூரோவுல ஏறும். ஆனா தெருமுனை அடகுக் கடையில வச்ச நகையோ, மாசாமாசம் தவறாம கட்டின சீட்டோ ஏறாது. பத்து வருஷம் சீட்டு ஒழுங்கா கட்டினாலும் சிபிலுக்கு அது தெரியாது.

செட்டில்மென்ட் பண்ணினது அவமானம் இல்லைங்க. வேலை போகும், உடம்பு முடியாமப் போகும், யாருக்கும் நடக்கலாம். ஆனா அதை மறைச்சு வச்சு, ரிப்போர்ட்டைத் திறக்கவே பயந்து உட்கார்ந்தா எதுவும் மாறாது. இந்த வாரக் கடைசியில முதல்ல இலவச ரிப்போர்ட்டை எடுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க. பான் நம்பர், கணக்கு நம்பர் மட்டும் எழுதாதீங்க. செட்டில்மென்ட் பண்ணலாமான்னு யோசிச்சிட்டு இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவர் அந்தப் போன் காலுக்குச் "சரி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.