டான்யூப் நதியின் இரு கரைகள்

டான்யூப் மகாநதி கருங்கடலை நோக்கிச் செல்லும் வழியில், சுமார் 470 கிலோமீட்டர் தூரத்துக்கு ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் எல்லையாக ஓடுகிறது. வடகரை ருமேனியா, தென்கரை பல்கேரியா. இவ்விரு தேசங்களும் ஐரோப்பிய யூனியனில் அங்கத்தினராகச் சேர வேண்டுமென்று 1995-ம் வருஷத்தில் மனுச் செய்துகொண்டன. அப்பொழுது அந்த நீண்ட எல்லையில் நதியைக் கடப்பதற்கு இருந்த பாலம் ஒன்றே ஒன்றுதான். 1954-ல் ஜூர்ஜு நகருக்கும் ரூசே நகருக்கும் இடையே கட்டப்பட்ட அதற்கு நட்புப் பாலம் என்று பெயர். நாற்பது வருஷ நட்புக்கு ஒரு பாலத்துக்கு மேல் தேவைப்படவில்லை போலும்! அண்டை வீட்டுடன் இவ்வளவு அளவாகக் கொண்டு கொடுத்து வந்தவர்கள், ஒரு கண்டத்துடனேயே சம்பந்தம் செய்துகொள்ளப் புறப்பட்டார்கள். பன்னிரண்டாவது வருஷத்தில், 2007 ஜனவரி 1-ந் தேதியன்று, அது நிறைவேறியது.

அன்று அவ்விரு தேசங்களும் அதற்குத் தயாராக இருந்தனவா? பழைய கதையைக் கிளறுவதற்காக நாம் இக்கேள்வியைக் கேட்கவில்லை. உக்ரேனும் மால்டோவாவும் இதே யூனியனின் வாசலில் வந்து நிற்கின்றன. 2024 ஜூன் மாதத்தில் அவற்றுடன் சம்பிரதாயப்படி பேச்சு தொடங்கியது. ஒரு தேசம் ‘தயாராகிவிட்டது’ என்று சொல்வதற்கு என்ன அளவுகோல், அந்த அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார், அதனால் அளக்கப்படாமல் விட்டுப்போவது எது என்பதை ருமேனியா, பல்கேரியா இரண்டின் அனுபவத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

யூனியனின் பரீட்சை

1993 ஜூன் மாதத்தில் கோபன்ஹேகன் நகரில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், புதிதாகச் சேர விரும்பும் தேசங்களுக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். ஜனநாயகமும் சட்டத்தின் ஆட்சியும் நிலைபெற்றிருக்க வேண்டும். சந்தைப் பொருளாதாரம் செவ்வனே நடைபெறுவதுடன், யூனியனுக்குள் எழும் போட்டியைத் தாங்கும் சக்தியும் வேண்டும். யூனியனின் சட்டங்கள் அனைத்தையும் ஏற்று நடத்தும் திறமை வேண்டும். அச்சட்டங்களோ சுமார் 80,000 பக்கம் என்று கணக்கிட்டார்கள். அவற்றை 31 அத்தியாயங்களாகப் பிரித்து, 2000 பிப்ரவரியிலிருந்து இரு தேசங்களுடனும் பேசினார்கள். பேச்சு என்றுதான் பெயர். உண்மையில், பரீட்சை வைப்பவருக்கும் எழுதுபவருக்கும் உள்ள உறவே அங்கு நிலவியது. சட்டத்தை மாற்றும்படி கேட்க இடமில்லை. அதை நிறைவேற்றத் தவணை கேட்கலாம், அவ்வளவே.

பல்கேரியாவின் அக்கினிப் பரீட்சை

பல்கேரியா இப்பரீட்சைக்கு முன்னரே மற்றொரு பரீட்சையில் வெந்து மீண்டிருந்தது. 1996-ம் வருஷத்தில் அத்தேசத்தின் பாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நஷ்டத்தில் ஓடிய சர்க்கார் தொழிற்சாலைகளுக்கு, திரும்பி வராதென்று தெரிந்தே கொடுத்த கடன்கள் அவற்றை விழுங்கிவிட்டன. 1997 ஜனவரியில் ஸோபியா நகரில் ஜனங்கள் பார்லிமெண்டுக் கட்டிடத்துக்குள் புகுந்தார்கள். அடுத்த மாதத்தில் மட்டும் விலைவாசி மும்மடங்குக்கு மேல் ஏறியது. ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் சில வாரங்களில் காற்றாய்ப் பறந்ததைக் கண்ட குடும்பங்களின் துயரத்தை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி நாணய போர்டு என்னும் கடுமையான ஏற்பாடு அமலுக்கு வந்தது. ஆயிரம் லெவாவுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று மதிப்பு நிர்ணயிக்கப்பட்டது. கையிருப்பில் அந்நிய நாணயம் எவ்வளவு உண்டோ, அந்த அளவுக்கே நோட்டு அச்சிடலாம். சர்க்காருக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் தேசத்தின் மத்திய பாங்கிக்கு இல்லாமற்போயிற்று.

ஒரு சுதந்தர தேசம் தன் நாணயத்தின் கடிவாளத்தை இப்படிக் கைவிடலாமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கண்மூடித்தனமாக நோட்டு அச்சடித்துக் குடிகளின் சேமிப்பைக் கரைக்கும் சர்க்காரிடத்தில் இருப்பதை நாணய சுதந்தரம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. தானே இட்டுக்கொண்ட விலங்கு தேசத்தைக் காப்பாற்றியது. 1997-ல் வருஷ வருமானத்தையே எட்டி நின்ற சர்க்கார் கடன், யூனியனில் சேருவதற்குள் வருமானத்தில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 2002-ல் பல்கேரியாவின் சந்தைப் பொருளாதாரம் செவ்வனே நடைபெறுவதாக ஐரோப்பியக் கமிஷன் அத்தாட்சி வழங்கியது.

ருமேனியாவின் தயக்கம்

வடகரையில் நடந்தது வேறு. ருமேனியாவில் ஒரேயடியான வீழ்ச்சி நேரவில்லை. நீண்ட காலத் தயக்கமே நிலவியது. நஷ்டத்தில் ஓடும் சுரங்கங்களையும் ஆலைகளையும் மூடினால் தொழிலாளர் கொதித்தெழுவார்கள் என்று ஆட்சியாளர் அஞ்சினார்கள். அது வீண் அச்சமல்ல. ஜியூ பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர் 1990-லும் 1991-லும் தலைநகரான புகாரெஸ்டில் புகுந்து கலக்கியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். தள்ளிப்போட்டதன் பலனாக 1997-ல் பண வீக்கம் 150 சதவிகிதத்தைத் தாண்டியது. பழைய நாணயத்தில் நான்கு பூஜ்யங்களை வெட்டி, 10,000 லெய்க்கு ஒரு புதிய லெய் என்று ஆக்குவதற்கு 2005 ஜூலை வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயினும் வடகரையும் விழித்துக்கொண்டது. டாசியா மோட்டார் தொழிற்சாலையை 1999-ல் பிரான்ஸின் ரெனோ கம்பெனி வாங்கியது. 2004-ல் அங்கிருந்து வெளிவந்த லோகன் என்னும் மலிவான வண்டி பல தேசங்களில் ஓடலாயிற்று. கலாட்ஸ் நகரிலுள்ள மாபெரும் உருக்காலையை 2001-ல் வாங்கியவர் நம் தேசத்தில் பிறந்த லட்சுமி மித்தல். வருமானம் உயர உயர விகிதமும் உயரும் வரிமுறையை எடுத்துவிட்டு, 2005 முதல் எல்லோருக்கும் 16 சதவிகிதம் என்று சர்க்கார் விதித்தது. முந்தைய வருஷமே, அதாவது 2004-ல், கமிஷனின் அத்தாட்சியும் கிடைத்துவிட்டது.

2005 ஏப்ரல் 25-ந் தேதி இரு தேசங்களும் லக்ஸம்பர்க்கில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தயாரிப்பு போதவில்லையென்று கண்டால், சேரும் நாளை ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம் என்ற ஷரத்தும் அதில் சேர்ந்தது. முந்தைய வருஷம் சேர்ந்த பத்துத் தேசங்களுக்கு இத்தகைய ஷரத்து விதிக்கப்படவில்லை.

ஏட்டில் அடங்காதவை

பணக் கணக்கில் தேர்வு பெற்றாகிவிட்டது. நீதி ஸ்தலங்களின் கதி என்ன? லஞ்சம் வாங்கிய பெரிய மனிதர்களைத் தண்டிக்கும் வலிமை அவற்றுக்கு இருந்ததா? இல்லையென்பது பரீட்சை வைத்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் சேர்த்துக்கொண்ட பிறகும் நீதி பரிபாலனத்தை மேற்பார்வை பார்க்கத் தனி ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். சில வருஷங்களுக்கென்று எண்ணப்பட்ட அந்த ஏற்பாடு 2023-ல்தான் முறைப்படி முடிவடைந்தது.

இந்தக் குறையின் விலையைப் பல்கேரியா விரைவில் கொடுத்தது. யூனியன் அளித்த உதவிப் பணம் ஒழுங்காகச் செலவாகவில்லையென்று 2008-ல் கமிஷன் கையை இறுக்கியது. சுமார் 22 கோடி யூரோ திரும்பி வராத நஷ்டமாயிற்று. லஞ்சம் வாங்கியவன் வீட்டில் அன்று அடுப்பு அணைந்திருக்காது. அப்பணத்தினால் பயன் பெற்றிருக்க வேண்டிய ஜனங்களே இழந்தார்கள்.

கோஸ்லோதுய் அணு மின்சார நிலையத்தின் கதையும் நினைவிலிருத்தத்தக்கது. பழைய ரஷ்ய மாதிரியிலமைந்த நான்கு உலைகள் ஆபத்தானவை, அவற்றை மூடினாலொழியச் சேர முடியாது என்று யூனியன் சொன்னது. இரண்டு உலைகள் 2002 முடிவில் மூடப்பட்டன. மற்ற இரண்டும் 2006 டிசம்பர் 31-ந் தேதி, சேருவதற்கு முதல் நாள், நின்றன. அவற்றைச் செப்பனிட்டு அபாயம் நீக்கிவிட்டோம் என்று பல்கேரியர் வாதித்தும் பயனில்லை. அண்டை தேசங்களுக்கு மின்சாரம் விற்றுவந்த தேசம் அந்த வருவாயில் பெரும் பகுதியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போயிற்று.

ருமேனியக் கிராமங்களைப் பற்றியோ கேட்க வேண்டாம். சேரும் தறுவாயில் அங்கு உழைப்பவரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் விவசாயத்தில் இருந்தார்கள். பண்ணைகள் சுமார் 40 லட்சம். பெரும்பாலானவை தன் வீட்டுக்கு விளைவித்துத் தானே உண்ணும் சிறு நிலங்கள். மேற்கு ஐரோப்பாவின் பெரும் பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை, இரண்டு பசுவும் ஒரு குதிரை வண்டியும் வைத்திருக்கும் குடியானவன் எப்படி நிறைவேற்றுவான்? 80,000 பக்கங்களில் அவனுக்கு விடை இல்லை.

புறப்பட்டுப் போனவர்கள்

அவன் பிள்ளைகள் தாங்களே விடை தேடிக்கொண்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். இன்று இத்தாலியில் வாழும் அந்நியரில் ருமேனியரே முதலிடம் வகிக்கிறார்கள். அவர்கள் தொகை பத்து லட்சத்தைத் தாண்டும். 2002-ல் ருமேனியாவின் ஜனத்தொகை சுமார் 2 கோடியே 17 லட்சம்; 2021-ல் சுமார் 1 கோடியே 90 லட்சம். பல்கேரியாவில் 2001-ல் 79 லட்சமாக இருந்தது, 2021-ல் 65 லட்சமாகச் சுருங்கியது. பிறப்புக் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால், பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு ரோமாபுரியில் பிறர் வீட்டு வயோதிகரைப் பராமரிக்கச் சென்ற தாய்மாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தேசம் தன் செலவில் படிக்கவைத்த வைத்தியர்கள் வேறு தேசத்து நோயாளிகளின் நாடியைப் பிடிப்பதை வரவு என்பதா, செலவு என்பதா?

இதில் பழைய அங்கத்தினரின் நடத்தையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தங்கள் சரக்குகளுக்கு இவ்விரு தேசங்களின் சந்தைகளும் திறக்க வேண்டுமென்ற ஒப்பந்தம் 1995-லேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால், இத்தேசத்துத் தொழிலாளி தடையின்றி வேலை தேடிவர, யூனியனின் சில தேசங்கள் 2014 வரையில் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. சரக்குக்கு அகலத் திறந்த வாசல் மனிதனுக்குத் திட்டிவாசலாகத்தான் திறந்தது.

லாப நஷ்டம்

அப்படியானால் சேர்ந்தது தவறா? நாம் அவ்வாறு கருதவில்லை. 2005-ல் இரு தேசங்களிலும் தலைக்கு வீதமான வருமானம், விலைவாசி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், யூனியன் சராசரியில் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. இன்று ருமேனியா முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. பல்கேரியா மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நிற்கிறது. இருபது வருஷத்துக்குள் இவ்வளவு ஏற்றம் அற்பமானதல்ல. வெளியே நின்றிருந்தால் இளைஞர் போகாமல் இருந்திருப்பார்கள் என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை. சேருவதற்கு முன்பே அவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இரு கரைகளின் பழைய சுபாவமும் மாறிவிடவில்லை. 2009-ல் உலக நெருக்கடி தாக்கியபோது ருமேனியா சர்வதேச நிதி ஸ்தாபனத்திடமும் யூனியனிடமும் மற்றோரிடமும் சுமார் 2,000 கோடி யூரோவுக்கு உதவி கேட்க நேர்ந்தது. மறுவருஷம் சர்க்கார் ஊழியர் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. 1997-ன் சூட்டை மறவாத பல்கேரியா அத்தகைய கடன் வாங்காமலே தப்பியது. 2026 ஜனவரி 1-ந் தேதி பல்கேரியா யூரோ நாணயத்தில் சேர்ந்துவிட்டது. அதிக வேகமாக வளர்ந்த ருமேனியாவோ, 2024-ல் தேச வருமானத்தில் 9 சதவிகிதத்துக்கு மேல் பட்ஜெட்டில் துண்டு விழுந்து, யூனியனிலேயே பெரிய பற்றாக்குறையுடன் நின்றது. வளர்ச்சி வேறு, சிக்கனம் வேறு. ஒன்று இருப்பதனால் மற்றொன்றும் இருக்குமென்று எண்ணலாகாது.

வாசலில் நிற்போருக்கு

ஆகவே, இப்பொழுது வாசலில் காத்திருக்கும் தேசங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். நாணயத்தை நிலைநிறுத்துவதும் கடனைக் குறைப்பதும் அவசியம். பல்கேரியா செய்து காட்டியது போல், மன உறுதி இருந்தால் அவற்றைச் சில வருஷங்களில் செய்துவிடலாம். நேர்மையான நீதிபதியையும், பணத்தை ஒழுங்காகச் செலவிடும் உத்தியோகஸ்தனையும், கிராமத்தில் பிழைப்பையும் உண்டாக்குவதற்கு நெடுங்காலம் செல்லும். பரீட்சை வைப்பவர்கள் விலைவாசியைக் கேட்பார்கள், வரியைக் கேட்பார்கள், சட்டப் புத்தகத்தைக் கேட்பார்கள். இங்குள்ள இளைஞன் இங்கேயே உழைத்துக் கௌரவமாக வாழ வழி உண்டா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை ஒவ்வொரு தேசமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். யூனியனுக்கு மனுச் செய்யும் அன்றே கேட்டுக்கொள்வது நலம்.

டான்யூபின் குறுக்கே விதின், கலபாட் என்னும் நகரங்களுக்கிடையில் இரண்டாவது பாலம் 2013-ல் திறக்கப்பட்டது. யூனியனின் பணமும் அதற்கு உதவிற்று. 2025 ஜனவரி 1 முதல் அப்பாலங்களில் பாஸ்போர்ட் பரிசோதனையும் எடுபட்டது. பாலம் இரு திசையிலும் போவதற்குத்தான். போனவர்கள் அதன் வழியே திரும்பி வரும் நாளிலேயே அவ்விரு தேசங்களும் உண்மையாகத் தயாராகிவிட்டன என்று நாம் கொள்வோம்.