ஷார்தான் தீட்டிய இல்லம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் சித்திரங்களுக்கும் ஜாதி வகுத்திருந்தனர். புராண, சரித்திரச் சித்திரங்களுக்கு முதலிடம். பழமும் பாத்திரமும் தீட்டுவோருக்குக் கடைசி இடம். 1699இல் பாரிஸில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஷார்தான், 1728இல் அக்கடைசி வரிசையினராகவே அரசுக் கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார். பின்னரே இல்லத்தின் உட்புறத்தைத் தீட்டலானார்.

அவரது 'உணவுக்கு முன் பிரார்த்தனை'யை நோக்குவோம். பரிமாறக் குனிந்த தாய், கைகூப்பிய சிறு குழந்தையைப் பார்க்கிறாள். தமக்கையும் அதனையே பார்க்கிறாள். நாற்காலியில் விளையாட்டு முரசு தொங்குகிறது. பிரார்த்தனை முடியும்வரை அதற்கும் ஓய்வு. நிகழ்ச்சி என்று சொல்ல வேறொன்றுமில்லை. ஆயினும், சரித்திரச் சித்திரங்கள் பலவற்றின் போர்க்களங்களுக்கு முன்னே அடங்காத நம் மனம் இங்கே அடங்கிவிடுகிறது.

1740இல் இது பதினைந்தாம் லூயி மன்னருக்கு அளிக்கப்பட்டது. அவர் இதனை எத்தனை முறை ஏறிட்டுப் பார்த்தாரோ! இன்று லூவர் அரும்பொருட்காட்சியகத்தில் யாவரும் காணலாம்.