ஒற்றியூர் போகும் வழியில் ஒரு தனிமை

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால் தெருவே நின்றுவிடும். சரக்கு ரயில் கடந்ததும் ஹாரன் சத்தம் மறுபடி தொடங்கும். இந்த ஊர்க்காரர் ஒருவர், “நாலு நாள் எங்கேயாவது தனியா இருந்துட்டு வரணும்” என்றால், “என்ன, திருவண்ணாமலையா?” என்றுதான் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். அவ்வளவு தூரம் போகாமலே தனிமை தேடியவர்கள் வடசென்னையில் இருந்திருக்கிறார்கள்.

1823-இல் பிறந்த வள்ளலார் ராமலிங்க அடிகள், சிறு வயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்தார். கூட்டுக் குடும்பம், நெருக்கமான தெரு. மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, அதன் முன் தியானத்தில் அமர்வார் என்பது அவர் வரலாறு. அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். தியாகராசர் மீதும் வடிவுடையம்மன் மீதும் அவர் பாடிய பாடல்கள் அந்த நடையின் விளைச்சல். அதே ஊரில் கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெருவணிகராக வாழ்ந்து எல்லாவற்றையும் உதறிய துறவி அவர்.

1858-இல் வள்ளலார் சென்னையை விட்டுப் போனார். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவருக்குச் சோறு போட அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. 1870-இல் மேட்டுக்குப்பத்துக்குப் போய்த் தனித்திருந்தபோதும் தருமச்சாலையின் பணி நிற்கவில்லை. அவருடைய தனிமை ஊரை மறப்பதற்கானதல்ல.

ஒதுங்கியிருக்கும் வழக்கம் பல சமயங்களிலும் உண்டு. ரமலானின் கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலிலேயே தங்குவது இஃதிகாஃப். கத்தோலிக்கர்களுக்கு மௌனத் தியானம். அதற்குப் புனித இக்னேசியார் வகுத்த முழுப் பயிற்சி 30 நாள்.

சமயச் சார்பு வேண்டாம் என்பவர்கள் விபாசனா தியான முகாமுக்குப் போகிறார்கள். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ மையம் இருக்கிறது. பயிற்சி 10 நாள். வந்து சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தால் 12 நாள் லீவு வேண்டும். அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். போன், புத்தகம், பேச்சு எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையில் நடக்கிறது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். நாள்கணக்கான மௌனம் எல்லோருக்கும் ஒத்துவராது.

ஷிப்டில் வேலை செய்பவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் 12 நாள் லீவு எங்கே கிடைக்கும்? அவர்களுக்கு வார விடுமுறை நாள் ஒன்றே போதும். வீட்டில் சொல்லிவிட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டு, கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் திருவொற்றியூர். நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.