ஒருவர் உணவு மற்றவருக்கு அளவுகோல் ஆகாது

நீரிழிவு என்றும் இனிப்புநீர் என்றும் வழங்கப்படும் நோயைத் தோட்டப்புறங்களில் இன்று அறியாதார் இலர். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளார். நோய் பெருகியது போலவே உணவு யோசனைகளும் பெருகிவிட்டன. "சோற்றை அறவே விட்டுவிடு" என்பார் ஒருவர். "கேழ்வரகுக் கூழ் போதும்" என்பார் மற்றொருவர். "சப்பாத்தி தின்றால் சீனி ஏறாது" என்பார் வேறொருவர். தத்தம் வழியே சரி என்று இவர்கள் வாதிடும்போது, நோயாளியின் மனந்தான் குழம்புகிறது.

உடலில் நிகழ்வது என்ன?

சோறு, சப்பாத்தி, கேழ்வரகு, மரவள்ளிக் கிழங்கு ஆகிய யாவும் மாவுச்சத்து மிகுந்தவை. அம்மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலோ, சரிவர வேலை செய்யாவிட்டாலோ, அச்சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. ஆகவே, எதை உண்கிறோம் என்பதோடு எவ்வளவு உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். கேழ்வரகே ஆயினும் அளவு மிஞ்சினால் சீனி ஏறும். தேனும் கருப்பட்டியும் இதற்கு விலக்கல்ல.

வழிகள் பல

நமது சுகாதார அமைச்சு, தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு போன்றவையும், கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்றவையும் இருக்கட்டும் என்று எளிய வழி காட்டுகிறது. சிலர் சோற்றை மேலும் குறைத்துப் பயன் பெறுகின்றனர். சைவ உணவினர் பருப்பு, தெம்பே, கீரை ஆகியவற்றைக் கொண்டு நோயைக் கட்டுப்படுத்துகின்றனர். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே உணவு முறை இல்லை என்றே அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது.

மருந்தும் உழைப்பும் வேறு

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்குச் சீனி மிகத் தாழ்வது அரிது. கிளிக்லசைடு உட்கொள்பவருக்கும், இன்சுலின் ஊசி போடுபவருக்கும் அது எளிதில் தாழக்கூடும். அத்தகைய ஒருவர், அண்டை வீட்டாரின் பேச்சைக் கேட்டு உணவை நிறுத்தி, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு விடியுமுன் மரம் வெட்டச் சென்றால் என்ன ஆகும்? வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் உண்டாகும். கையில் வெட்டுக்கத்தி, கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை! அந்நிலையில் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் பருக வேண்டும். தெளிந்தபின் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 999-ஐ அழைத்து உதவி பெற வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவரோ மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஒருவருக்கு நன்மை செய்த உணவு மற்றொருவருக்குத் தீங்காகலாம் என்பது இதனால் விளங்கும்.

மதித்து நடப்பது எவ்வாறு?

திருமண விருந்திலும் திருவிழாவிலும் "ஒரு லட்டு தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று வற்புறுத்த வேண்டாம். சிறிது சோறு உண்பவரைப் பார்த்து "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று பலர் முன் பழிக்கவும் வேண்டாம். நோன்பு நோற்கும் முஸ்லிம் தோழரும், தைப்பூச விரதம் காக்கும் நம்மவரும் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் கேட்டறியட்டும். அவர்தம் நம்பிக்கையை எள்ளுதல் உதவியாகாது. வீட்டில் சமைப்பவரும் நோயாளியும் கலந்து பேசி உணவை முடிவு செய்வது நலம்.

எனினும், மதித்தல் என்பது வாளாவிருத்தல் அன்று. பாகற்காய்ச் சாற்றை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால், அவரிடம் தனியே அன்பாகப் பேசி அரசாங்க சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வது நம் கடமை. கடந்த மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை அங்குச் செய்யப்படுகிறது. ஓர் உணவு முறை தமக்கு ஏற்றதா என்பதை உரைப்பது அத்தகைய பரிசோதனையே. திண்ணைப் பேச்சு அன்று. அவரவர் உடலறிந்து, மருத்துவர் சொற்கேட்டு, பிறர் வழியையும் மதித்து நலமுடன் வாழ்வோமாக!