உப்பி வந்த களவா

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில் 'வாட்ஜ் திட்டு' என்னும் மேட்டு நிலம் உள்ளது. களவா மீனுக்குப் பெயர்பெற்ற இடம் அது. இருள் பிரியுமுன் புறப்பட்ட படகு அங்கே நிற்கிறது. 60 மீட்டர் ஆழத்தில் கிடந்த தூண்டிலை மீன் கவ்வுகிறது. மீனவர் விரைந்து இழுக்கிறார். வந்தது சிறு களவா. கண்கள் பிதுங்கியுள்ளன, இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளி நிற்கிறது!

மாணவர்களே, காரணம் நீங்கள் படித்த பாயில் விதிதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1 என்றால் 60 மீட்டரில் 7. மேலே வரவர அழுத்தம் குறைவதால், மீனின் காற்றுப்பையிலுள்ள வாயு 7 மடங்கு விரிய முயல்கிறது. களவாவின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு தொடர்பில்லை. வாயு உடனே வெளியேற வழியில்லை. பை கிழிந்தும் போகலாம்.

'சிறு மீன்தானே, வளரட்டும்' என்று கடலில் விட்டால் பிழைக்குமா? உப்பிய மீன் மூழ்க இயலாமல் மிதக்கும்; பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். எடை கட்டிய கயிற்றில் மாட்டி ஆழத்தில் இறக்கி விடுவித்தால், நீரின் அழுத்தமே வாயுவைச் சுருக்கிவிடும். மீன் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இம்முறை வழக்கில் உள்ளது.

சரி, 90 மீட்டரிலிருந்து வரும் மீனுக்கு வாயு எத்தனை மடங்கு விரியும்? கணக்கிட்டுப் பாருங்கள்!