பிள்ளை மடுவமும் ஆய்வுகூடமும்

இலங்கையின் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் கட்டளைச் சட்டமொன்றின் மூலம் உருவாக்கப்பட்டது; ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்பட்ட தீர்வையே அதன் ஆய்வுகளுக்கு நீண்டகாலம் முதன்மை வருவாயாக அமைந்தமையால், அங்கு நடந்த விஞ்ஞானத்துக்குப் படியளந்தவர்களில் கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்கள் முக்கியமானவர்கள் எனலாம். அப்பெண்களின் மகள்மார் அதே ஆய்வுகூடத்துக்குள் ஆய்வாளர்களாக நுழைவது திறமையை மட்டும் பொறுத்ததன்று. ஆய்வுக்கான பணம் யாருக்கு, எந்த வயதில், எந்த நிபந்தனையோடு வழங்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

உலக ஆய்வாளர்களில் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருக்க, இலங்கையில் அவர்கள் பாதியை நெருங்குகின்றனர் என்பது பெருமைக்குரியதே. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதத்தையே ஆய்வுக்குச் செலவிடும் நாட்டில், பங்கு சமமாயினும் பானை சிறியது.

ஆய்வுத் தொழிலில் பெண்கள் பெரும்பாலும் விலகிச் செல்லும் காலம் கலாநிதிப் பட்டத்தை அடுத்த சில ஆண்டுகளாகும். மானியங்களுக்கான கால எல்லை ஓடிக்கொண்டிருக்கும் அதே ஆண்டுகளில்தான் மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் வந்து சேர்கின்றன. இதையுணர்ந்த ஐரோப்பிய ஆராய்ச்சிப் பேரவை, விண்ணப்பிக்கும் தாய்க்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதங்கள் வீதம் தகுதிக் காலத்தை நீட்டிக்கிறது. இந்தியாவின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம், குடும்பக் காரணங்களால் பணியை இடைநிறுத்தியவர்கள் மீண்டும் ஆய்வுக்குத் திரும்ப மானியம் அளித்தது. எல்லாவற்றிலும் நேரடியானது, நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004இல் ஜெர்மனியில் நிறுவிய அறக்கட்டளையின் வழியாகும்: குழந்தையுள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அது பணம் தருகிறது. ஆய்வுக் கருவிக்கு நிதி கேட்பதைப் போலவே துணி துவைக்கவும் சமைக்கவும் நிதி கேட்கலாம் என்பதைக் கேட்டுப் புன்னகைப்போர், மலையகத் தோட்டங்களின் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தாய் மலைக்குப் போக வேண்டுமானால் கைக்குழந்தையைப் பார்க்க ஓர் ஆயம்மா வேண்டும் என்ற கணக்கைத் தோட்ட நிர்வாகங்கள், கருணையாலன்றிக் கொழுந்தின் தேவையால், விஞ்ஞான நிதி நிறுவனங்களுக்கு வெகு முன்னரே போட்டுவிட்டன.

மலையகத்திலோ தடை இன்னும் கீழ்ப்படியிலேயே தொடங்குகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவும் அதற்கேற்ற ஆய்வுகூடமும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் தோட்டப்புறங்களில் அரிது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது வழக்கமான முறையாகும். நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பினும், அச்சலுகை மாவட்டத்தை ஒரே அலகாகக் கொள்வதால் நகரப் பாடசாலை மாணவியும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழும் மாணவியும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தவிரவும், அது பட்டப்படிப்பின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

பட்டம் பெற்றபின், ஆய்வா வேலையா என்ற முடிவு வீட்டு வருமானத்தைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. ஆய்வு மாணவியின் உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியர் பெற்ற மானியத்தைச் சார்ந்தது. மானியக் காலம் முடிந்தால் தொகையும் நிற்கும். பெற்றோர் கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு திரும்பும் வீட்டுக்கு, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஆசிரியர் நியமனம் கிடைக்கும்போது, அதை மறுத்து ஆய்வுக்குச் செல்லுமாறு மகளிடம் கூறுவது நியாயமாகாது. ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கியது. இலக்கறிந்து செலவிட்ட பணம் திறந்த வழி அது. அவ்வாறே, ஆசிரியராகிவிட்ட விஞ்ஞானப் பட்டதாரிக்குச் சம்பளத்துடன் கூடிய ஆய்வு விடுப்பும், பேராசிரியரின் மானியத்தைச் சாராத மாத உதவித்தொகையும் கிடைத்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ, பத்தனையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சென் கூம்ஸுக்கோ அவர் போக முடியும்.